“வேண்டாம்” என்று சொல்லப் பழக்குவது எப்படி? அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களின் உடல், விருப்பம், உரிமை பற்றி வீட்டாருக்கு

என் தங்கைக்கு 31 வயது. டவுன் சிண்ட்ரோம். “காபி வேணுமா, டீ வேணுமா?” என்று கேட்டால் “டீ” என்பாள். அவளுக்கு டீதான் பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருமே வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தோம், யார் வீட்டுக்குப் போனாலும் “அவளுக்கு மட்டும் டீ போடுங்க” என்று முந்திக்கொண்டு சொல்வோம். ஒரு நாள் பேச்சுவாக்கில் நான் வார்த்தையை மாற்றி “டீயா, காபியா?” என்று கேட்டுவிட்டேன். “காபி” என்றாள். மறுபடி திருப்பிக் கேட்டேன், “டீ”. கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத்தான் இத்தனை வருஷமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் இரண்டு டம்ளரையும் அவள் முன்னால் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் காத்திருந்தேன். இரண்டையும் தொடவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குடிக்கிற விஷயத்திலேயே இப்படி என்றால், யாராவது ஒருவன் தனியாகக் கூட்டிப்போய் “உனக்கும் பிடிச்சிருக்குதானே?” என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? “பிடிச்சிருக்கு” என்றுதான்.

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள, 18 வயது தாண்டிய மகன், மகள், தம்பி, தங்கை இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு அக்கா, அதோடு பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் சிறப்பாசிரியராகவும் இருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே “இதையெல்லாம் போய் அவங்ககிட்ட பேசலாமா, தெரியாததைத் தெரியவைக்கிற மாதிரி ஆயிடாதா?” என்று கேட்பார்கள். பயம் புரிகிறது. ஆனால் நாம் நம் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்து எதைப் பழக்குகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், கையை நீட்டச் சொன்னால் நீட்ட வேண்டும், தெரபிஸ்ட் தொட்டால் சும்மா இருக்க வேண்டும், டிரைவர் அண்ணா தூக்கிவிட்டால் அழக்கூடாது. “சொன்ன பேச்சைக் கேட்கிற தங்கமான பிள்ளை” என்று ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்த அதே பழக்கம், தப்பான ஆள் ஒருத்தன் “சத்தம் போடாதே” என்று சொல்லும்போதும் அவன் சொன்னபடி கேட்கவைக்கும். அதனால் பாதுகாப்பு வேறு, உரிமை வேறு என்று நான் பிரித்துப் பார்ப்பதே இல்லை. தன் உடம்புக்குத் தானே சொந்தக்காரர் என்று தெரிந்தவரால்தான் அதில் இன்னொருவர் கைவைக்கும்போது “இது தப்பு” என்று சொல்ல முடியும்.

முதலில், “குழந்தை” என்று சொல்வதை நிறுத்துங்கள்

“உடம்புதான் வளர்ந்திருக்கு, மனசு ஏழு வயசுதான்.” இதைச் சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. பாசத்தில் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் 28 வருஷம் வாழ்ந்த ஒருவருக்கு 28 வருஷ அனுபவம் இருக்கிறது. உடம்பில் ஹார்மோன் இருக்கிறது, கல்யாண வீட்டில் ஜோடிகளைப் பார்த்து ஏங்குகிற மனசும் இருக்கிறது. ஐக்யூ சோதனையில் வருகிற எண் இதில் எதையும் அளப்பதில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்) உள்ள 38 வயதுப் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அவருடைய மன வயது ஆறிலிருந்து எட்டுதான், அதனால் குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கும் வேண்டும் என்று அம்மா உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 ஜூலையில் தீர்ப்பு வந்தது: போக்சோவில் வயது என்றால் பிறந்த தேதிப்படியான வயதுதான், மன வயது இல்லை. அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது, விசாரணையில் தன் மகளைக் குழந்தையைப் போல் கனிவாக நடத்த வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். ஆனால் மன வயதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நம் பிள்ளைகளில் ஒருவர் 40 வயதில் ஒருவரை விரும்பிக் கையைப் பிடித்தால்கூட அது குற்றமாகிவிடும். வாழ்நாள் முழுவதும் அவர்களுக்குக் காதல் கிடையாது, கல்யாணம் கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. கல்யாணம் செய்துகொள்ளவும், குடும்பம் அமைக்கவும், குழந்தை பெறும் திறனைப் பறிகொடுக்காமல் இருக்கவும் எல்லோருக்கும் உள்ள உரிமை இவர்களுக்கும் உண்டு என்று அதன் 23ஆவது பிரிவு சொல்கிறது. அதன் வழியில் வந்ததுதான் நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016.

சம்மதம் என்றால் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவில் சம்மதத்துக்கு விளக்கம் இருக்கிறது. சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையிலோ, குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு, தானாக முன்வந்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டும் விருப்பம்தான் சம்மதம். பேச்சு வராதவர்களும் சைகையால் சம்மதிக்கலாம், மறுக்கலாம் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த வரி நம் பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் பயந்தால் கல் மாதிரி நின்றுவிடுபவர்கள் இவர்களில் அதிகம். இன்னொன்று, மனநிலை காரணமாகவோ போதை காரணமாகவோ, நடப்பது என்ன, அதனால் என்ன விளையும் என்று புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒரு பெண் “சரி” என்றாலும் அது சம்மதம் ஆகாது.

சரி, புரிந்துகொள்ள முடிகிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று ஏதோ ஒன்று போட்டிருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே சதவீதம் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், ஒருவர் தெளிவாக “எனக்கு அவனைப் பிடிக்காது, பக்கத்துல உட்கார மாட்டேன்” என்று சொல்வார், இன்னொருவர் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். நான் பார்ப்பது சில விஷயங்களைத்தான். நடக்கப்போவது என்ன என்று அவருடைய வார்த்தையிலோ படத்தைக் காட்டியோ சொல்ல முடிகிறதா, முடியாது என்று சொல்லலாம், பாதியில்கூட நிறுத்தலாம் என்று தெரிந்திருக்கிறதா, கர்ப்பம் ஆகலாம், நோய் வரலாம் என்பது தோராயமாகவாவது தெரியுமா, எதிரில் இருப்பவருக்கும் விருப்பம் இருக்க வேண்டும் என்று புரிகிறதா. இவை ஒருவரிடம் இன்று இல்லாமல் இருக்கலாம், சொல்லிக்கொடுத்தால் ஆறு மாதம் கழித்து வரலாம். ஒருவரிடம் தெளிவாக இருப்பவர் இன்னொருவரிடம் பயந்து போய்த் தலையாட்டவும் செய்யலாம். அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு “இவருக்கு உண்டு, இவருக்கு இல்லை” என்று முத்திரை குத்த முடியாது.

பாதுகாவலர் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் அதை வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். பேங்க் கணக்கு, சொத்து, சிகிச்சை எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனால் மகளுக்குப் பதிலாகப் பாலுறவுக்குச் சம்மதம் சொல்லும் அதிகாரம் எந்தக் காகிதத்தாலும் யாருக்கும் வராது. 2016 சட்டம் பேசுவதும் வரம்புக்கு உட்பட்ட பாதுகாவலர் பற்றித்தான், இரண்டு பேரும் கலந்து பேசி முடிவெடுப்பதுதான் அதன் அடிப்படை.

வீட்டில் எங்கிருந்து ஆரம்பிப்பது

சாப்பாட்டிலிருந்து. உடையிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று விஷயத்திலாவது அவர் “வேண்டாம்” என்று சொல்லி, அது நடக்க வேண்டும். தோசை வேண்டாம் என்றால் தோசை தட்டுக்கு வரக்கூடாது. பச்சைச் சட்டை வேண்டாம் என்றால், நமக்கு என்னதான் அவசரம் என்றாலும், பச்சைச் சட்டை போடக்கூடாது. “வேண்டாம்” என்று சொல்லியும் ஒன்றும் மாறாத வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தச் சொல் வெறும் சத்தம்தான். வெளியே ஆபத்து வரும்போது அது வாயில் வராது.

அப்புறம் தாழ்ப்பாள். எத்தனையோ வீடுகளில் விழுந்துவிடுவார், பூட்டிக்கொள்வார் என்று பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறோம். தாழ்ப்பாளே இல்லாமல் வளர்ந்தவருக்கு, தான் துணி மாற்றும்போது இன்னொருவர் உள்ளே வருவது தப்பு என்று எப்படித் தெரியும்? வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். உள்ளே போவதற்கு முன் தட்டுங்கள். பதில் வரட்டும். குளிப்பாட்ட உதவி தேவைப்படுபவர் என்றால் “இப்போ முதுகு தேய்க்கட்டுமா?” என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், அவரால் தேய்க்க முடிகிற இடத்தை அவரே தேய்க்கட்டும், அது சுத்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உறுப்புகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுங்கள். “ஷேம் ஷேம்” என்று சின்ன வயதில் பழக்கியதை 25 வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தால், அங்கே ஒருவன் தொட்டான் என்பதையே வெட்கப்பட வேண்டிய விஷயமாக நாமே ஆக்கிவிடுகிறோம். மார்பு, யோனி, ஆண்குறி, புட்டம் என்று சொல்லலாம், வீட்டில் புழங்குகிற வேறு சொல் இருந்தால் அதைச் சொல்லலாம். போலீஸுக்கும் டாக்டருக்கும் புரிகிற சொல்லாக இருந்தால் போதும். பேச்சு வராதவர்கள் பட அட்டையோ, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியோ பயன்படுத்துவார்கள். அதைத் திறந்து பாருங்கள். பசி, தண்ணீர், பாத்ரூம், டிவி எல்லாம் இருக்கும். “நிறுத்து”, “தொடாதே”, “அவர் எனக்கு வலிக்கவைத்தார்” என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? அந்தரங்க உறுப்பைக் காட்டுகிற படம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே சேருங்கள். அட்டையில் இல்லாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வார்?

உறவினர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியப்பா வந்து கன்னத்தைக் கிள்ளுவார், மடியில் உட்காரச் சொல்வார், “பெரியப்பாவுக்கு ஒரு முத்தம் கொடு” என்பார், 30 வயதுப் பெண்ணிடம்! நாமும் சங்கடப்பட்டுக்கொண்டு “கொடும்மா” என்போம். இனிமேல் “அவளுக்கு விருப்பம் இருந்தா கை கொடுப்பா” என்று சொல்லிப் பழகுங்கள். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும். மையத்தில் நாங்கள் வட்டம் போட்டுச் சொல்லிக் கொடுப்போம். நடுவில் அவருடைய போட்டோ, அடுத்த வட்டத்தில் கட்டிப்பிடிக்கலாம் என்று அவரே சொல்கிறவர்கள், அதற்கடுத்து கை கொடுக்கிறவர்கள், அதற்கும் வெளியே வணக்கம் மட்டும் சொல்கிறவர்கள். போட்டோவை ஒட்டுவது அவர்தான், நாம் இல்லை. ஒரு பையன் தன் சித்தப்பாவின் போட்டோவை எடுத்து வட்டத்துக்கு வெளியே, தரையில் வைத்தான். அவன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் சில கேள்விகள் கேட்கப்பட்டன.

கேள்வி கேட்கும் விதம்

காபி, டீ கதையை எதற்குச் சொன்னேன் என்றால், எல்லாக் கேள்விக்கும் “ஆமா” சொல்வதும் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வதும் இவர்களில் பலருக்கு இருக்கும் பழக்கம். கேட்பவரைச் சந்தோஷப்படுத்தினால் போதும் என்றுதான் வளர்த்திருக்கிறோம். அதனால் ஒரு விஷயத்தை இரண்டு விதமாக, வேறு வேறு நேரத்தில் கேளுங்கள். “அவர்கூட இருக்கப் பிடிக்குமா?” என்று காலையில் கேட்டால், “அவர்கூட இருக்கப் பிடிக்காதா?” என்று மறுநாள் கேளுங்கள். இரண்டுக்கும் “ஆமா” வந்தால் அந்தப் பதிலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு படத்தை வைத்து எடுக்கச் சொல்லலாம், படத்தின் இடத்தை மாற்றி வைத்து மறுபடி கேட்கலாம், இரண்டுமே வேண்டாம் என்பதற்கு மூன்றாவதாக ஒரு வெற்று அட்டையும் வைக்க வேண்டும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடுவார்கள்.

வாய் ஒன்று சொல்லும்போது உடம்பு வேறு சொல்கிறதா என்றும் பாருங்கள். என் தங்கை பிடிக்காத இடத்தில் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொள்வாள். ஒவ்வொருவருக்கும் இப்படி ஒன்று இருக்கும். வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் அது தெரியும், எழுதி வைத்து மையத்துக்கும் சொல்லுங்கள்.

மகன் இருக்கும் வீடுகளுக்கு

மகன் ஹாலில் உட்கார்ந்து பேண்டுக்குள் கைவிடுகிறான், அப்பா அடிக்கிறார். எங்களிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். அடிக்காதீர்கள். சுய இன்பம் தப்பில்லை, இடம்தான் தப்பு. “இங்கே இல்லை. உன் ரூம்ல, கதவைச் சாத்திட்டு” என்று அமைதியாக, ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தனி ரூம் இல்லாத வீடுதான் பாதிக்கு மேல், எனக்கும் தெரியும். பாத்ரூம் என்று சொல்வதானால் “நம்ம வீட்டு பாத்ரூம், தாழ் போட்டுட்டு” என்று சேர்த்தே சொல்லுங்கள், வெறுமனே பாத்ரூம் என்று பழக்கினால் பேருந்து நிலையக் கழிப்பறையும் அவருக்குப் பாத்ரூம்தான். அவருக்கு என்று ஒரு நேரமும் வேண்டும், யாரும் கதவைத் தட்டாத அரை மணி நேரம்.

அடுத்தவர் சம்மதம் பற்றி மகன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் முடியைத் தொடுகிறார், கட்டிப்பிடிக்கப் போகிறார், அவருக்கு அது தப்பென்றே தெரியாது, ஆனால் கூட்டம் அடிக்கும், போலீஸ் வரும். எதிரில் இருப்பவரும் சம்மதிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்வதும் பாலுறவுக்கான முடிவெடுக்கும் திறனில் அடக்கம் என்று 2021 நவம்பரில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. எனக்கு அது சரியாகவே படுகிறது. “கேட்டுட்டுத் தொடணும், முகத்தைத் திருப்பினா கையை எடுத்துடணும்” என்பதை வீட்டில் தம்பி தங்கைகளை வைத்து நடித்துக் காட்டிப் பழக்குங்கள். வாயால் சொன்னால் போதாது.

மகன்களும் கொடுமைக்கு ஆளாகிறார்கள். 18 வயது தாண்டிய ஆணுக்கு நடந்தால், வன்புணர்வுச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. 2016 சட்டத்தின் 92ஆவது பிரிவில், மாற்றுத்திறனாளி யாராக இருந்தாலும் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு தாக்குவதும் பலவந்தம் செய்வதும் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை தண்டனைக்குரிய குற்றம் என்று இருக்கிறது. அந்தப் பிரிவில் வழக்குப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு பேர் விரும்பினால்

எங்கள் மையத்தில் ஒரு ஜோடி. ஒருவர் பேப்பர் கவர் ஒட்டுவார், இன்னொருவர் எண்ணிக் கட்டுவார். டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வார்கள், போகும்போது டாட்டா காட்டிவிட்டுத்தான் வேனில் ஏறுவார்கள். தெரிந்ததும் இரண்டு வீட்டிலும் முதல் யோசனை, ஒருவரை வேறு மையத்துக்கு மாற்றிவிடலாம் என்பதுதான். அப்படிச் செய்தால் அவர்கள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: பிடித்தவரைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்கக்கூடாது. நாங்கள் இருவரையும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் உட்காரவைத்துப் பேசினோம். என்ன பிடிக்கும், எது வரைக்கும் பிடிக்கும், கை பிடிப்பது சரியா, முத்தம் சரியா, வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வாய். அந்தப் பெண் “கை ஓகே. முத்தம் வேணாம்” என்றாள். மறுநாள் திருப்பிக் கேட்டோம், அதே பதில். அவனிடம் அவளே சொன்னாள், நாங்கள் பக்கத்தில் இருந்தோம். இப்போதும் டிபன் பாக்ஸ் மாற்றிக்கொள்கிறார்கள். இதே போல ஒரு பெண்ணுக்குப் பெண்ணையோ, ஆணுக்கு ஆணையோ பிடிக்கலாம். 2018 செப்டம்பரிலிருந்து அது குற்றம் இல்லை, அதே கேள்விகள்தான், அதே பொறுமைதான்.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நான் கேட்கும் கேள்வி இது: அவருக்குத் தேவையான ஏதாவது அந்த ஆளின் கையில் இருக்கிறதா? சாப்பாடு, மாத்திரை, வேன் சவாரி, செல்போன் ரீசார்ஜ், சம்பளம், தங்கும் இடம். இருந்தால் அங்கே கிடைக்கும் “சரி”யை நம்ப முடியாது. டிரைவர், பராமரிப்பாளர், ஆசிரியர், தெரபிஸ்ட், விடுதிக் காவலர், வீட்டில் சோறு போடுகிற உறவினர், இவர்கள் யாருக்கும் விதிவிலக்கு இல்லை. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் விருப்பத்தையே ஆட்டிப்படைக்கிற நிலையில் இருந்துகொண்டு அவளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதை 92ஆவது பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. உடல் அல்லது மனக் குறைபாடுள்ள பெண்ணை வன்புணர்வு செய்தால் நியாய சன்ஹிதாவின் 64ஆவது பிரிவின் கீழ் குறைந்தது பத்து வருஷம்.

“ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்”

ஆகாது. கல்யாணம் மருந்து இல்லை. மகனுடைய குறைபாட்டை மறைத்து ஏழைப் பெண் ஒருத்தியைக் கட்டிவைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற துரோகம். மகளுடைய நிலையைச் சொல்லாமல் கட்டிக்கொடுத்தால், அவளுக்கு என்னவென்றே தெரியாமல் முதல் ராத்திரி அறைக்குள் அனுப்புகிறோம். 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது இந்தியச் சட்டத்தில் இன்னமும் வன்புணர்வு இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 போன்றவைதான் அவளுக்குக் கைகொடுக்கும், அதற்கும் அவள் யாரிடமாவது சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காகக் கல்யாணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கேட்பது, சம்மதம் கொடுக்கும் மனநிலை இருக்கிறதா என்பதையும் இன்னும் சில நிபந்தனைகளையும்தான். குறைபாடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் கதவைச் சாத்துவதில்லை. அந்த இரண்டு பேரும் பல மாதம் பழகி, சேர்ந்து வாழ்வது என்றால் என்ன, படுக்கை என்றால் என்ன, குழந்தை என்றால் என்ன என்று தெரிந்து, இரண்டு வீடும் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசி, அவர்களே “வேணும்” என்று சொன்னால் செய்து வையுங்கள், பக்கத்தில் இருந்து துணை செய்யுங்கள். ஜாதகம் பொருந்துகிறது என்பதற்காகச் செய்யாதீர்கள்.

கருப்பையை எடுப்பது பற்றி

“மாசாமாசம் அவளாலயும் முடியலை, எங்களாலயும் முடியலை, யூட்ரஸை எடுத்துடலாமா?” இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் களைப்பை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் 1994இல் மகாராஷ்டிராவில், ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தம் என்ற காரணம் காட்டித்தான் கருப்பையை அகற்றினார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. இன்று 2016 சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி, மாற்றுத்திறனாளி எவருக்கும் அவருடைய சுதந்திரமான, விவரம் தெரிந்த சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக்கூடாது.

நாப்கின் மாற்றக் கற்றுக்கொடுக்க முடியும். ஜட்டியில் நாப்கின் வைக்கும் இடத்தைச் சுற்றித் துணிப் பேனாவால் கோடு போடுங்கள். சிவப்புச் சாயத் தண்ணீர் ஊற்றிய நாப்கினை வைத்து, மாதவிடாய் இல்லாத நாட்களிலேயே பழக்குங்கள். பாத்ரூம் சுவரில் நாலு படம் ஒட்டுங்கள். என் தங்கைக்கு ஏழெட்டு மாதம் ஆனது. வலியோ ரத்தப்போக்கோ அதிகம் என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

“யாராவது ஏதாவது பண்ணிட்டா கர்ப்பமாவது ஆகாம இருக்குமே” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருப்பையை எடுத்தால் கொடுமை நிற்காது, அது வெளியே தெரியாமல் போகும். அவ்வளவுதான். கொடுமை செய்கிறவனுக்குத்தான் அது வசதி.

கர்ப்பம் பற்றிய முடிவும் அப்படித்தான். சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த ஒரு பெண் வன்புணர்வால் கர்ப்பமானார். உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது, அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றில்லை, வயது வந்த அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது, பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது அவருடைய தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்றது. 2016 சட்டம் கடுமையான குறைபாட்டில் மட்டும் டாக்டர் கருத்தோடும் பாதுகாவலர் சம்மதத்தோடும் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அப்போதும் அவருக்குப் புரிகிற அளவில் சொல்லுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

திடீரென்று வேனில் ஏற மாட்டேன் என்கிறார், படுக்கையில் சிறுநீர் கழிக்கிறார், குளிக்க விடுவதில்லை, பொம்மையை வைத்து ஏதோ செய்து காட்டுகிறார். “அடம் பிடிக்கிறா” என்று விட்டுவிடாதீர்கள். அவர் சொல்ல வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். “அவன் தொட்டானா?” என்று ஆளின் பெயரையும் செயலையும் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்ன அதே வார்த்தைகளைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பத்து பேர் பத்துத் தடவை கேட்கவிடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் பதில் மாறும், அதைத்தான் கோர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். இப்போதுதான் நடந்தது என்றால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள்.

112ஐயோ, பெண்களுக்கான 181ஐயோ கூப்பிடுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்குக் குறைபாடு இருந்தால், அவருடைய வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ வந்து, சிறப்பாசிரியரோ மொழிபெயர்ப்பாளரோ உடன் இருக்க, வீடியோ எடுத்து வாக்குமூலம் பதிய வேண்டும் என்று குற்ற விசாரணை நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. இதை வாய்விட்டுக் கேளுங்கள். நான் ஒரு தடவை இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அதிகாரிக்கு இந்தப் பிரிவு தெரியவில்லை, போனில் எடுத்துக் காட்டியபின் ஒத்துழைத்தார். மருத்துவமனை, அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பரிசோதனைக்கும் அவருடைய சம்மதம் கேட்க வேண்டும், யோனிக்குள் விரலை விட்டுப் பார்க்கிற இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. “இவ சொல்றதை எப்படி நம்புறது?” என்று யாராவது கேட்டால், கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிகிற எவரும் சாட்சி சொல்லலாம் என்பதுதான் சட்டம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்து வையுங்கள். வீட்டு ஆளே செய்திருந்தால், முதலில் அந்த ஆள் இருக்கும் இடத்திலிருந்து அவரை வேறு இடத்துக்குக் கூட்டிப் போங்கள், மானம் மரியாதை பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆளை வெளியே அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது, வீட்டை விட்டுப் போக வேண்டியது அவன்தானே.

எல்லாம் ஒரு மாதத்தில் வராது. நாங்கள் ஹார்லிக்ஸில் ஆரம்பித்து மூன்றரை வருஷம் ஆகிறது. முதல் வருஷம் முழுக்க “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், கோபம் வருகிறதா என்று. போன மாதம் ஜாக்கெட் அளவு கொடுக்கக் கூட்டிப் போயிருந்தேன். டெய்லர் அக்கா எங்களுக்கு ரொம்ப நாள் பழக்கம், வழக்கம்போல டேப்பை எடுத்து நேராக அவள் மார்பைச் சுற்றிப் போட்டார். தங்கை டேப்பைப் பிடித்துக் கீழே இறக்கி, “கேட்டுட்டு எடுங்க” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒரு நிமிஷம் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்து, “எடுக்கட்டுமாம்மா?” என்றார். தங்கை கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்கினாள்.